தயிர் விட்ட அவியல்

என் மாமனாருக்கு வயல் இருந்தது, தென்னந்தோப்பு இருந்தது, ஊரில் மரியாதையும் இருந்தது. இத்தனையையும்விட அவர் பெரிதாக நினைத்தது தம்முடைய வயிற்றைத்தான். காலையில் குளத்தில் குளித்துவிட்டு நெற்றியில் திருநீறு பூசுவார். பூசிய கையால் வயிற்றையும் ஒரு தடவு தடவிக்கொள்வார். சாமிக்கு அடுத்தபடி அங்கேதான் பக்தி. கல்லைத் தின்றாலும் கரைத்துவிடும் வயிறு என்று ஊரார் சொல்வதாக அவரே ஊராரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் அந்தக் காலத்துக் கல்யாணப் பந்தி என்றால் பாதி சாப்பாடு, பாதி போட்டி. ஆக்குப்புரையில் சமைத்துக்கொண்டிருக்கிற தவசிப்பிள்ளை வெளியே எட்டிப் பார்த்து, இவர் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் இன்னொரு உருளி பாயசத்துக்கு வெல்லம் உடைக்கச் சொல்வாராம். பப்படத்தை நொறுக்கிப் போட்டு, மட்டிப்பழத்தைப் பிசைந்து, இலையிலிருந்து பாயசம் ஒரு சொட்டுக் கீழே வழியாமல் வழித்துக் குடிப்பதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. சாப்பிட்டு எழுந்தவுடன் வண்டியில் ஏற மாட்டார். நடந்தே வீட்டுக்கு வருவார். இவ்வளவு சாப்பிட்டும் மனிதன் எப்படி நடக்கிறான் என்று நாலுபேர் பார்க்க வேண்டாமா?

மனிதர்களையும் அவர் செரிமானத்தை வைத்துத்தான் எடை போட்டார். புளித்த ஏப்பம் விடுகிறவனை நம்பி ஒரு காரியத்தில் இறங்க மாட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது நகையைப் பற்றிப் பேச மற்றவர்களை விட்டுவிட்டு, இவர் என் அப்பாவிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"குடும்பத்தில ஆருக்காவது வயித்துக் கோளாறு உண்டுமா?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் கெடையாது" என்றார் என் அப்பா. அவர் மடியில் சோடா உப்புப் பொட்டலம் இருந்தது. அவர்கள் வண்டி தெரு முனை திரும்பும் முன்பே அதைப் பிரித்து நாக்கில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்பா அதிக காலம் இருக்கவில்லை. என் கல்யாணம் முடிந்த மறு வருஷம், வெளிக்குப் போனது தாரைப் போலக் கறுப்பாகப் போனது. இரண்டொரு நாளில் காப்பித்தூளைக் கரைத்ததைப் போல வாந்தி எடுத்தார். வண்டி கட்டுவதற்குள் முடிந்துவிட்டது. பிரசவத்துக்குப் போயிருந்த நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தக் கறுப்பை நான் மறக்கவே இல்லை. புகுந்த வீட்டில் மட்டும் ஜன்னி என்று சொல்லி வைத்தோம். சம்பந்தி வயிற்றால் செத்தார் என்று தெரிந்தால் மாமனார் என்னையும் என் கைக்குழந்தையையும் ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்.

மாமனாருக்கு அறுபது தாண்டியது. தலை வெளுத்ததை ஒப்புக்கொண்டார். பல் போனதை ஒப்புக்கொண்டார். கண்ணில் புரை விழுந்ததைக்கூட எல்லாரிடமும் சொன்னார். வயிற்றுக்கு மட்டும் வயது ஆகவில்லை என்று சாதித்தார். கொஞ்சம் குறைத்துச் சாப்பிடலாமே என்று ஒருமுறை என் கணவர் சொல்லிவிட்டார்.

"ஏலே, தலை நரைக்கும். வயித்துக்குள்ள மயிரா இருக்கு, நரைக்கதுக்கு?"

மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதால் பரிமாறுவது நான்தான். எனக்கு உண்மை தெரியும். பந்தியில் பழைய தாட்டியத்தைக் காட்டுகிறவர், வீட்டில் பாதிச் சோற்றை இலையின் ஓரத்துக்குத் தள்ளி, நான் பார்ப்பதற்குள் இலையை மடக்கிவிடுவார். ராத்திரியில் கஞ்சித்தண்ணீரோடு சரி. ஊருக்கு ஒரு வயிறு, வீட்டுக்கு ஒரு வயிறு என்று இரண்டு வைத்திருந்தார்.

அடுத்தபடியாக முழங்காலில் முட்டு வலி வந்தது. குளத்துப் படிக்கட்டில் இறங்க முடியவில்லை. வைத்தியர் கொடுத்த தைலங்களைத் தேய்த்துத் தேய்த்து முட்டு பளபளத்ததே தவிர வலி போகவில்லை. மாசி மாதம் மண்டைக்காட்டுக் கொடைக்கு நடந்தே வருவதாக அம்மனுக்கு நேர்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் என் கணவர் அவரை வண்டியில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் இங்கிலீஷ் டாக்டரிடம் காட்டினார். இங்கிலீஷ் டாக்டர் என்றால் இங்கிலீஷ் வைத்தியம் படித்த நம்மூர்க்காரர்தான். அவர் வெள்ளை மாத்திரை கொடுத்து, வலி இருக்கும்போது மட்டும் ஒன்று, அதுவும் வயிறு நிறையக் கஞ்சியோ பாலோ குடித்த பிறகு, என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் அந்த மாத்திரைக்கு மறு வைத்தியம் செய்யத் தொடங்கினார். மருந்து என்றால் அதற்கு முறை உண்டல்லவா? வெறும் வயிற்றில், விடிந்தும் விடியாமலும், கல்வத்தில் போட்டுப் பொடித்து, இஞ்சிச் சாற்றில் குழைத்து நக்க வேண்டும். பத்தியம் இருக்க வேண்டும். பால் ஆகாது, தயிர் ஆகாது, மோர் ஆகவே ஆகாது. ஒரு மண்டலம் இடைவிடாமல் தின்ன வேண்டும். சீமையில் எந்திரத்தில் அடித்துக் கப்பலில் வந்த மாத்திரை, தனக்கு இத்தனை ஆசாரம் உண்டென்று நாஞ்சில் நாட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டது.

நான் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன். "மாமா, சாப்பிட்ட பொறவுல்லா திங்கச் சொன்னாராம் டாக்டர்?"

"சோத்துக்கு மேல தின்னா மருந்து சோத்துல அலைஞ்சு போவும். வெறும் வயித்துல தின்னாத்தான் நேரா முட்டுக்கு எறங்கும். வெள்ளைக்காரனுக்கு மருந்து செய்யத் தெரியும், திங்கத் தெரியாது. ரொட்டி திங்குகவன்தானே அவன்!"

கல்வத்தில் பொடித்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. வலி என்னவோ ஓடித்தான் போனது. குளத்துப் படியில் இளவட்டம் மாதிரி இறங்கினார். ஒன்று இவ்வளவு கேட்டால் மூன்று எவ்வளவு கேட்கும் என்று கணக்குப் போட்டு, மூன்றாக்கினார்.

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அவள் ஒருத்திதான். நாகர்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம் படித்துக்கொண்டிருந்தாள். வயதுக்கு வந்த பெண்ணை வில்வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடம் அனுப்புகிற வீடு எங்கள் தெருவில் எங்கள் வீடு ஒன்றுதான். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய அக்காள் மகன் ஒருவன், முறைமாப்பிள்ளை என்ற ஒரே தகுதியோடு, சீட்டாடிக்கொண்டு காத்திருந்தான். அவனுக்குக் கட்டிவைத்துவிட வேண்டும் என்று அக்காளும் தம்பியும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். குறுக்கே நின்றவர் மாமனார். பேத்தி இங்கிலீஷில் தந்தி படித்துச் சொல்வது அவருக்குப் பெருமை. ஒருநாள் இந்தப் பேச்சு வந்தபோது மகனிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"நான் இருக்கது வரைக்கும் பிள்ள படிக்கட்டு. பொறவு நீங்க என்ன கூத்து வேணாலும் ஆடுங்க."

நான் இருக்கிறவரைக்கும்! என் மகளின் படிப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லில் தொங்கியது. அன்றிலிருந்து மாமனாரின் ஆயுசுக்காக என்னைப் போல் சாமி கும்பிட்டவர் யாரும் இருக்க முடியாது. அவர் மேல் எனக்குப் பிரியம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரங்களில் நிறையவே இருந்தது.

ஒரு சாயங்காலம் முற்றத்தில் அவருடைய கூட்டாளிகள் வட்டமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"மருந்துன்னா இதுல்லாவே மருந்து! முட்டு வலியை மட்டுமா சரியாக்கிச்சு? நாலு நாளாட்டு வெளிக்குப் போனா தார் கணக்கா கறுகறுன்னு போவுகு. உள்ள கெடந்த அறுபது வருசத்து அழுக்கைல்லாம் கரைச்சுத் தள்ளுகு பாத்தியளா!"

கூட்டாளிகள் அதிசயப்பட்டார்கள். தமக்கும் அப்படிக் கொஞ்சம் அழுக்கு இருப்பதாகச் சொல்லி, ஒருவர் மருந்தின் பெயரைக் கேட்டார்.

அப்பா கிடந்த பாய் கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்போதுதான் மற்றதெல்லாம் புரிந்தது. முகம் ஏன் மஞ்சளாக வெளிறியிருக்கிறது, கோயில் நடையில் ஏன் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்து எழும்போது ஏன் தூணைப் பிடிக்கிறார் என்பதெல்லாம். நான் இவற்றைப் பத்தியத்தால் வந்த மெலிவு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மருமகள் மாமனாரிடம் போய் அவர் மலத்தின் நிறத்தைப் பற்றிப் பேச முடியுமா? கணவரிடம் சொன்னேன். என் அப்பா எப்படிச் செத்தார் என்ற உண்மையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தம் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தார்.

"ஏட்டி, வயித்துல வலி இருக்கான்னு கேட்டேன், ஒரு பொட்டு வலி இல்லேங்காரு. வலி இல்லாத வயித்துல என்ன சூக்கேடு? நீ எதுக்குக் கெடந்து துள்ளுக?"

"வலி இல்லாட்டா ரத்தம் போவாதா? டாக்டரை ஒருக்கா கூட்டிட்டு வாருங்களேன்."

"பாப்போம், பாப்போம்."

அவர் தம் அப்பாவைக் கொல்ல நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவசரப்படவில்லை என்றுதான் சொல்கிறேன். அக்காளும் அந்த வாரத்தில் இரண்டுமுறை வந்து, தகப்பனாரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையோடு விசாரித்துவிட்டு, மகனுக்கு நாள் பார்ப்பது பற்றிப் பேசிவிட்டுப் போனாள்.

மாத்திரையை ஒளித்து வைக்கலாம் என்றால், அதை அவர் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மருந்து கேடு செய்கிறது என்று சொன்னால், மருமகளுக்கு வைத்தியம் எப்போது வந்தது என்று கேட்பார். உங்கள் வயிறு கிழடாகிவிட்டது என்று சொன்னாலோ, அந்தக் கோபத்தில் இன்னும் ஒன்று கூடுதலாகத் தின்பார். என்னதான் வழி என்று மண்டையை உடைத்துக்கொண்டபோது அந்தப் பத்தியமே கைகொடுத்தது. பத்தியம் முறிந்தால் மருந்தும் முறிந்துபோகும். முறிந்த மருந்தை மறுபடியும் தொட்டால் விஷம். இது எங்கள் பக்கத்தில் எந்த வைத்தியரும் சொல்லுவதுதான். அவர் டாக்டரை நம்பமாட்டார், இதை நம்புவார்.

மறுநாள் மத்தியானம் அவியல் வைத்தேன். பத்தியம் தொடங்கியதிலிருந்து மாங்காய் போட்டுத்தான் வைத்துவந்தேன். அன்றைக்கு மாங்காயைத் தள்ளிவிட்டு, முன்போல நல்ல கட்டித் தயிராக விட்டு இறக்கினேன். அவர் ஒருவாய் வைத்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னைக்குல்லா அவியல் அவியலாட்டு இருக்கு! இன்னும் போடு பிள்ளா."

இரண்டாவது முறையும் போட்டேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து, கதவுக்குப் பின்னால் போய் நின்று சொன்னேன்.

"மாமா, ஒரு தப்பு நடந்து போச்சு. அவியல்ல தயிர் விட்டுட்டேன். பத்தியம் முறிஞ்சுதுன்னா மருந்தை இனித் தொடப்பிடாதாமே?"

அவர் கத்திய கத்தல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "அடப்பாவி மட்டை! ஒரு மண்டலம் முடியப்போற நேரத்துல குடியக் கெடுத்திட்டியே!" என்று இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். கை கழுவும் இடம்வரை வந்தார். அங்கே கண்கள் செருகி, சரிந்து, தண்ணீர் வைத்திருந்த கிண்டியின் மேல் விழுந்தார். விழுந்தவர் வாயிலிருந்து வந்தது அதே காப்பித்தூள். கூடவே சிவப்பாகவும் வந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர் முழுக்க ஒரே நேரத்தில் இரண்டு செய்தியைத் தெரிந்துகொண்டது. மருமகள் தயிர் விட்டாள், மாமனார் ரத்தம் கக்கினார். நடுவில் வேறு ஒன்றும் இருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. வண்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அவள் மேல் கோபம்கூட வரவில்லை. இந்த மனிதன் போய்விடக் கூடாதே என்று வழிநெடுக அழுதேன்.

போகவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் அவரை இழுத்துப் பிடித்தார். பிறகு எங்கள் இருவரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, என் கணவரிடம் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"வரப்புல நண்டு வளை போடுகில்லா? இளம் வயசுல வயித்துக்குள்ள எங்கயாவது புண்ணு வந்தா, சம்சாரி மண்ணு வச்சு அடைக்கது மாதிரி ஒடம்பே அடைச்சிரும். மேல ஒரு வழுவழுப்பும் கெட்டியாட்டு நின்னு காக்கும். வயசானா அந்த வழுவழுப்பு கொறைஞ்சு போவும். உள்தோலு மெலிஞ்சு போவும். ரத்த ஓட்டமும் மட்டு. புண்ணு ஆறதுக்கும் நாளாவும். இருவது வயசுக்காரன் வெறும் வயித்துல தின்னாலும் தாங்குக மாத்திரை, அந்தக் கெழட்டு வயித்துல ஓட்டையே போட்டிரும்."

"அவருக்கு வலியே இல்லேன்னாரே?"

"அதுதான் இதுல பெரிய சதி. வயசான வயிறு கூப்பாடு போடாது. இனி இந்த மாத்திரை ஒண்ணு உள்ள போனாலும் என்கிட்ட கொண்டுவராதீங்க."

நாள் முழுக்க மணிக்கொருதரம் அரைக் கிண்ணம் பால். கல்லைக் கரைத்த வயிற்றுக்கு அதுதான் சாப்பாடு. கைக்குழந்தையைப் போல அவர் வாய் திறப்பதும், நான் சங்கில் ஊற்றுவதுமாகப் பங்குனி கழிந்தது. மண்டைக்காட்டுக் கொடை அவர் இல்லாமலே நடந்து முடிந்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பியபின் ஒருநாள் கூட்டாளிகள் பார்க்க வந்தார்கள். நாத்தனாரும் மகனோடு வந்து உட்கார்ந்தாள். மாமனாருக்குப் பேச்சுத் தெம்பு வந்துவிட்டது. முட்டு வலியும் திரும்பிவிட்டது. தலைமாட்டைத் துழாவி, மிச்ச மாத்திரை எங்கே என்று கேட்டார். டாக்டர் கூடாதென்றாரே என்று என் கணவர் இழுத்தார்.

"என்ன சொல்லுகான் உன் டாக்டர்? எனக்க வயிறு கெழடாயிப் போச்சுங்கானா?"

என் கணவர் தரையைப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் கிழவர் அன்றைக்கே மாத்திரையைத் தின்று காட்டுவார் என்பது எனக்கு நிச்சயம். நான் கதவுக்குப் பின்னாலிருந்து முன்னே வந்தேன். வந்த நாளிலிருந்து அவர் முன்னால் நான் அப்படி நின்றதில்லை.

"உங்க வயித்துக்கு ஒரு கொறையும் இல்ல மாமா. நான் தயிர் விட்டதுனாலதான் மருந்து முறிஞ்சு விசமாச்சு. முறிஞ்ச மருந்தைத் திரும்பத் தொட்டா ஆளு தப்பாதுன்னு சொல்லுகாங்க."

கிழவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டியாலே? கேட்டியளாவே? விசத்தையே தாங்கிட்டு எந்திரிச்ச வயிறு இது! பாலு எதுக்குக் குடுத்தான்னு இப்பம்லா தெரியுகு. விசத்துக்கு முறிவு பாலுல்லா!"

மாத்திரைப் பொட்டலத்தை என்னிடமே கொடுத்துச் சாணிக்குழியில் போடச் சொன்னார். அவர் அந்தக் குளிர்ந்த மனதோடு இருக்கும்போதே, வைகாசியில் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள் என்று சொன்னேன். போகட்டும், நான் இருக்கிறவரைக்கும் போகட்டும் என்று கையை வீசினார். நாத்தனார் மகனை எழுப்பிக்கொண்டு போய்விட்டாள். என் கணவருக்கு டாக்டர் சொன்னது அத்தனையும் தெரியும். அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மாமனாரைக் கொல்லப் பார்த்தவள் என்ற பெயர் எனக்கு நிலைத்தது. அவர் போகிற இடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லித் தம் வயிற்றுக்குப் புகழ் சேர்த்தார். ஊரார் வயிற்றை மறந்துவிட்டு மருமகளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். முட்டு வலி வருகிறபோதெல்லாம் என்னைத் திட்டுவார். திட்டட்டும், மாத்திரை தின்னவில்லையே என்று நானும் தைலம் காய்ச்சிக் கொடுப்பேன்.

என் மகள் ஆறாம் பாரம் தேறினாள். திருவனந்தபுரத்தில் காலேஜில் இடம் கிடைத்தது. மாமனார் உயிரோடு இருந்தார், அதனால் போக முடிந்தது. புறப்படுகிற அன்று பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, கோவப்படாத. அன்னைக்கு நீ தெரிஞ்சுதான் தயிர் விட்டியா?"

"ஆரு கேக்கச் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. எனக்குப் படிப்பு வேணும்னு நின்ன ஒரே ஆளு தாத்தாதானேம்மா. அவருக்குப் போயி ஏம்மா அப்படிச் செய்த?"

முன்னறையில் கிழவர் முட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இவளிடம் உண்மையைச் சொன்னால், தாத்தா மேல் உள்ள பாசத்தில் போய் அவரிடம் கேட்பாள். தம் வயிறு கிழடில்லை என்று காட்ட அவர் ஒரு மணி நேரத்துக்குள் நாகர்கோவிலுக்கு மாத்திரை வாங்க ஆள் அனுப்புவார். காலேஜ் இன்னும் தொடங்கவே இல்லை.

"ஆமா, தெரிஞ்சுதான் விட்டேன். வண்டி நிக்கு, போ" என்றேன்.

அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள். வண்டி தெரு முனை திரும்பும்போது கையை நீட்டித் தாத்தாவுக்குக் காட்டினாள். அவருக்குப் பக்கத்தில்தான் நானும் நின்றேன். என் பக்கம் அவள் பார்க்கவில்லை.